ஜிம் கார்பெட்டின் முதல் ரைபிள்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட எம் கரிசல் நிலத்திலே புலியுமில்லை; கரடியுமில்லை. குண்டாற்றில் நீரோடும் நாள் சில; மணல் காயும் நாள் பல. முயலும், கவுதாரியும், கம்பங்கதிரைக் கொத்தும் மயிலும், கடலைக் கொல்லையைக் கிளறும் காட்டுப்பன்றியுமே ஆங்கு நாம் காணத்தக்கன. ஆயினும் ஆண்பிள்ளை பிறந்த வீட்டிற் கவட்டை இல்லாதிருத்தல் அரிது. எமக்கு ஏழாண்டு நிரம்பியபோது எம் பாட்டனார் கருவேலங்கொம்பில் ஒன்று செய்து தந்தனர். எதன்மீது எறியலாம், எதன்மீது எறியலாகாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சில நாளில், கூட்டில் அமர்ந்திருந்த புறா ஒன்றை வீழ்த்தினோம். பாட்டனார் யாதும் உரையாது கவட்டையை வாங்கி அடுப்பிலிட்டார். அது தகுமோ தகாதோ என்னும் ஐயம் நெடுநாள் எம் உள்ளத்திற் கிடந்தது. புலிவேட்டைக்குப் பேர்போன ஜிம் கார்பெட் தம் இளமையைப் பற்றி எழுதியதைக் கற்றபோது அவ்வையம் மீண்டும் தலைதூக்கிற்று. சிறு பிள்ளையின் கையிற் பெருவிலங்கு கொல்லும் கருவியை ஒருவர் மனமறிந்து கொடுத்த வரலாறு அதில் உள்ளது.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. 1881-இல் தந்தையார் இறக்க, தாயார் மேரி ஜேனும் மூத்த தமையன் டாமும் குடும்பச் சுமையைத் தாங்கினர். கோடையில் நைனிதால், பனிக்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி என இரு வீடுகளில் அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதுங்கி வீட்டைச் சூழ்ந்தது காடு. புலியும் சிறுத்தையும் மானும் காட்டுக்கோழியும் அங்கே அண்டை வீட்டார் போல்வன.

அவர் கைக்கு வந்த முதற்கருவியும் எம்முடையதைப் போன்ற கவட்டையே. அடுத்து உண்டைவில். நைனிதாற் கருவூலத்தைக் காத்து நின்ற கூர்க்கா வீரர் அதனை எய்வதிற் கைதேர்ந்தவர். இரட்டை நாணின் நடுவே துணி பொருத்தி, அதில் உலர்ந்த களிமண்ணுருண்டையை வைத்து இழுத்துவிட வேண்டும். விடுகின்ற கணத்தில் இடக்கை மணிக்கட்டைத் திருப்பாவிடின் உருண்டை எய்தவனுடைய கட்டைவிரலையே நொறுக்கும். பிழைசெய்த கையைப் பிழையே தண்டிக்கும் இக்கருவியினும் நல்லாசிரியர் கிடைத்தல் அரிது. பின்னர் வில்லும் அம்பும்.

எட்டு வயதளவில், குமாயுன் மலைப்பறவைகளைப் பற்றி நூல் எழுதி வந்த ஸ்டீபன் டீஸ் என்பார் பழைய இரட்டைக்குழற் துப்பாக்கி ஒன்றை அவருக்கு ஈந்தார். வாய்வழி மருந்து கெட்டிக்கும் வகை அது. அளவுக்கு மீறிய மருந்திட்டமையால் வலக்குழல் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியாற் சுற்றிப் பிணைக்கப்பட்டிருந்தன. இடக்குழல் ஒன்றே பயன்படும். இக்காலத்துத் தந்தையர் இத்தகைய பொருளைக் குப்பையிலும் இடத் துணியார். சிறுவர்க்கோ அது அரசன் ஈந்த வாள்!

அத்துப்பாக்கியைக் கண்டு உண்மையில் மகிழ்ந்தவர் குன்வர் சிங். சாந்தினி சௌக் என்னும் சிற்றூரின் தலைவர். ஒளிந்து வேட்டமாடுவதிற் காலாதுங்கி வட்டாரத்தில் நிகரற்றவர். இனி நீ சிறுவனல்லை, ஆடவன் எனச் சொல்லி, மரமேறக் கற்றுக்கொண்டாற் காட்டில் எங்கும் அஞ்சாது செல்லலாம் என்றும் அறிவுறுத்தினார். அதற்குச் சான்றாகத் தம் தோழர் ஹர் சிங்கின் கதையைக் கூறினார். மரமேறுதல் குரங்கின் தொழில் என்று இளமையில் ஏளனஞ் செய்தவர் ஹர் சிங். கருப்பு என்னுமிடத்தில் இருவரும் புலியை எதிர்ப்பட்டபோது குன்வர் சிங் மரத்தின் மேலிருந்தார். ஹர் சிங் மரத்தடியில் நின்றார். புலியின் நகம் அவர் வயிற்றைக் கிழித்தது. குன்வர் சிங் வெடியொலியாற் புலியை வெருட்டி, வெளிப்பட்ட குடரை உள்ளே தள்ளித் தம் தலைப்பாகையால் இறுகக் கட்டி நண்பரைக் காட்டு வழியே அழைத்து வந்தார். ஹர் சிங் பிழைத்துப் பல்லாண்டு வாழ்ந்தார் என்பது வியப்பே. துப்பாக்கி பெற்ற பிள்ளைக்குக் குறிபார்க்கக் கற்பிக்குமுன் தப்பிக்கக் கற்பித்த இப்பெருமகனார் பள்ளியின் வாயிலை மிதியாதவராயினும், ஆசிரியர் வரிசையில் எம்மனோர் மதிக்கத்தக்கவர்.

பத்தாம் வயதிற் கார்பெட் நைனிதால் தொண்டர் துப்பாக்கிப் படையின் பள்ளிப்பிரிவிற் சேர்ந்திருந்தார். சூகா தால் என்னும் திடலிலே குறிபார்த்துச் சுடும் பயிற்சி நடந்தது. சார்ஜெண்டு மேஜர் கடுமைக்குப் பேர்பெற்றவர். அவர் குரலுக்குப் பிள்ளைகள் நடுங்குவர். அன்று மேலதிகாரி ஒருவர் காண வந்திருந்தார். அச்சத்தாற் கார்பெட்டின் கை தடுமாறிற்று. அதனைக் கண்ட அவ்வதிகாரி அருகே வந்து, விரையாது பொறுமையாகச் சுடுமாறு மெல்லக் கூறினார். அவரே பின்னர் இந்தியப் படைத்தலைவராய் விளங்கிய ராபர்ட்ஸ் பிரபு. முதுமையிலும், குண்டு செலுத்துவதிலோ முடிவு செய்வதிலோ விரையத் தோன்றியபோதெல்லாம் அம்மென்குரல் தம்மைத் தடுத்தது எனக் கார்பெட் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

அப்பருவத்துப் பயிற்சி முடிந்த நாளிற் சார்ஜெண்டு மேஜர் அவரைத் தனியே அழைத்து, ரைபிள் ஒன்று வேண்டுமோ என வினவினார். பிள்ளைக்கு நாவெழவில்லை. விடுமுறைக்குச் செல்லுமுன் வந்தால் படைத்துப்பாக்கி ஒன்றும் வேண்டிய அளவு தோட்டாக்களும் தருவதாகச் சொல்லி, இரண்டே கட்டளைகள் விதித்தார். துப்பாக்கியைத் தூய்மையாக வைத்திருத்தல் வேண்டும்; சுட்டபின் எஞ்சும் வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தருதல் வேண்டும்.

அது 0.450 அங்குலத் துளையுள்ள மார்ட்டினி ரைபிள். விசைக்காப்பின் பின்னுள்ள நெம்புகோலைக் கீழிழுத்தால் அடைப்பு இறங்கும். ஒரு தோட்டா இடலாம். ஒரு முறை சுடலாம். எடை ஏறத்தாழ 4 கிலோ. கருமருந்தாதலிற் சுட்டவுடன் புகை திரையாய் எழும். பின்னுதைப்போ வளர்ந்த வீரர் தோளையே கன்றச் செய்யும். பிள்ளைக்குத் துப்பாக்கி தேர்வார் இக்காலத்திற் கருதுவன வேறு. கட்டை தோளுக்கு ஏற்ற நீளமா, சுமக்கவல்ல எடையா, பின்னுதைப்பு மெலிதா என ஆராய்வர், 0.22 அங்குலச் சிறுதுளையில் முதற்பயிற்சி தருவர். அவ்வளவைகளால் நோக்கின் சார்ஜெண்டு மேஜரின் தேர்வு பிழையே. இளையோர் பழகுதற்கு அது ஏற்ற கருவியன்று என்பதைக் கார்பெட்டும் ஒப்புகின்றார். ஆயின் குறி தவறாதது. அவருக்கு அது போதுமாயிருந்தது.

எமக்குத் தோன்றுவது இது: அப்பெரியார் முதலிற் பிள்ளையைத் தேர்ந்தார், துப்பாக்கியைப் பின்னரே தேடினார். தோட்டாவுக்கு அளவில்லை, ஆயின் ஒவ்வொன்றுக்கும் கணக்குண்டு. எம் பாட்டனார் எமக்குக் கவட்டை தந்தார். கல்லுக்குக் கணக்குக் கேட்டிலர். அவர்மேற் குறை சொல்லுகின்றோம் அல்லோம். கணக்குக் கேட்டிருப்பின் புறா பிழைத்திருக்குமோ என்னும் எண்ணம் மட்டும் எம்மை விட்டகலவில்லை.

அப்பனிக்காலத்திற் காலாதுங்கிக் காட்டில் அவர் பாறையொன்றில் அமர்ந்திருந்தபோது சிறுத்தை ஒன்று எதிர்ப்பட்டது. மார்பைக் குறிவைத்துச் சுட்டார். புகை கண்ணை மறைத்தது. அப்புகையூடே சிறுத்தை அவர் தலைக்கு மேலாகப் பாய்ந்து பின்னே சென்றது. அவர் இருந்த கல்லிலும் உடையிலும் குருதி தெறித்தது. பத்து வயதுப் பிள்ளை வீட்டுக்கு ஓடியிருப்பினும் எவரும் பழியார். அவரோ மறு தோட்டாவை இட்டுக் குருதிச் சுவட்டைத் தொடர்ந்தார். புண்பட்ட விலங்கைக் கண்டு அதன் துயரை முடித்தார். அவர் ரைபிளால் வீழ்த்திய முதற் பெருவிலங்கு அதுவே.

பின்னைய வாழ்வு பலரும் அறிந்தது. இருப்புப்பாதைப் பணி, மொக்காமா துறையிற் சுமையேற்றும் ஒப்பந்தம், 1917-இற் குமாயுன் தொழிலாளர் 500 பேருடன் பிரான்சுப் போர்க்களம். எனினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாது விடல் ஆகாது. 436 மாந்தரைக் கொன்றதெனக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் எதிர்த்தபோது, அவர் கொண்டு சென்ற தோட்டா மூன்று. மூன்றும் தீர்ந்தன, புலி வீழவில்லை. ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்தார். அருகணைந்து நோக்கினால், குழலுக்கும் அடைப்புக்கும் நடுவே வெளி கிடந்தது. சுட்டால் தீ பின்வந்து கண்ணை அவிக்கக்கூடும். பிளந்த குழலிற் பழகிய கைகள் அன்றோ! அதனையும் சுட்டார். குண்டு காலிற்றான் பட்டது. எனினும் முன்பட்ட புண்களால் புலி மாண்டது.

அச்செயலைப் பாராட்டி ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஜான் ஹீவெட் அவருக்கு ரிக்பி ரைபிள் ஒன்றைப் பரிசளித்தார். அதன் துளை 0.275 அங்குலம். பத்து வயதிற் பெருந்துளை, முப்பத்திரண்டிற் சிறுதுளை என முறைமாறி வந்தது வேடிக்கையே. 125 பேரைக் கொன்ற ருத்திரப்பிரயாகைச் சிறுத்தை 1926 மே 2-ஆம் நாள் இதனால் வீழ்ந்தது. பின்னர்த் துப்பாக்கியை விட்டு அசைபடக் கருவியை அவர் மிகுதியும் ஏந்தினார். 1936-இல் இந்தியாவின் முதற் காட்டுயிர்ப் பூங்கா குமாயுனில் அமைய உழைத்தோருள் அவரும் ஒருவர். அது 1957 முதல் அவர் பெயரால் வழங்குகின்றது. எம் விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் மலையும் 2021-இற் புலிகள் காப்பகமாயிற்று.

1947-இல் தமக்கை மேகியுடன் கென்யா சென்ற அவர் 1955 ஏப்ரல் 19-ஆம் நாள் நையெரியில் உயிர்நீத்தார். ரிக்பி ரைபிள் அவர்தம் பதிப்பகத்தாரிடம் பல்லாண்டு இருந்து, 2015-இல் அதனைச் செய்தவரிடமே மீண்டது. மறு ஆண்டு காலாதுங்கியை அடுத்த அவருடைய சோட்டி ஹல்த்வானிச் சிற்றூருக்கும் கொண்டுவரப்பட்டது.