குடியரசை ஆண்ட இலக்கண ஆசான்

இலக்கணம் கற்பதால் என்ன பயன் என்று வினவும் மாணாக்கர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். விகுதிகளை மனனம் செய்வது மதிப்பெண்ணுக்காக அன்றி வேறெதற்கும் உதவாது என்பது அவர்தம் எண்ணம். அத்தகையோர்க்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டை இருபது ஆண்டுகள் ஆண்ட லியோபோல்ட் செதார் செங்கோரின் வாழ்வை எடுத்துரைப்பது நம் வழக்கம். பெயரைக் கேட்டதும் செங்கோல் என்றே மாணாக்கர் எழுதிவிடுவர். அப்பிழையும் ஒருவகையில் பொருந்துவதே. அவரை உயர்த்தியது இலக்கணம். அவர் இடறியதும் இலக்கணத்தில்தான்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், அட்லாண்டிக் கடலோரச் சிற்றூராகிய ஜோவாலில், வணிகர் ஒருவரின் பெரிய குடும்பத்தில் அவர் பிறந்தார். தாய்மொழி ஸெரெர். ஏழாண்டு நிரம்பிய பின்னரே பாதிரிமாரின் பள்ளியில் பிரெஞ்சு எழுத்துகளை முதன்முதலாகக் கண்டார். பாதிரியாராக விரும்பி டக்கார் நகரக் குருமடத்தில் சேர்ந்தவர், அங்கு ஆப்பிரிக்க மாணவர்கள் இழிவாக நடத்தப்படுவதை எதிர்த்துப் பேசியமையால் குருத்துவத்திற்குத் தகுதியற்றவர் எனக் கழிக்கப்பட்டார். பின்னர் அரசுப் பள்ளியிற் பயின்று, உதவித்தொகை பெற்று 1928இல் பாரிஸ் சென்றார். அங்கு லூயி-ல-கிராண்ட் பள்ளியில் அவருடன் பயின்ற நண்பர் ஜார்ஜ் பொம்பிதூ, பிற்காலத்தில் பிரான்சின் குடியரசுத் தலைவரானவர்.

பிரெஞ்சு நாட்டில் ‘அக்ரெகாசியோன்’ என்றொரு தேர்வு உண்டு. உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராவோர்க்குரிய கடும் போட்டித் தேர்வு அது. செங்கோர் எடுத்துக்கொண்ட பாடம் இலக்கணம். 1935இல் தேறினார், அப்பாடத்தில் தேறிய முதல் ஆப்பிரிக்கர் அவரே. பிரெஞ்சுக் குடிமகனாயிருந்தாலன்றி அத்தேர்வை எழுதவியலாது என்பதால், அதற்கு முன்பே அக்குடியுரிமையையும் பெறவேண்டியிருந்தது.

அவர் தேறிய இலக்கணத்தின் கடுமையை உணரப் பிரெஞ்சு வினையின் ஒரு மூலையை மட்டும் ஈண்டுக் காட்டுவோம். அவன் பேசவேண்டும் என்று விரும்புகிறேன் என்கிறோம். அவன் பேசவேண்டும் என்று விரும்பினேன் என்றும் சொல்கிறோம். விருப்பம் நிகழ்காலமாயினும் இறந்தகாலமாயினும் ‘பேசவேண்டும்’ என்பது நம் மொழியில் மாறுவதில்லை. பிரெஞ்சிலோ விருப்பம், ஐயம், அச்சம் முதலியவற்றைத் தொடர்ந்துவரும் வினைக்குத் தனி வடிவம் உண்டு. தலைமை வினை இறந்தகாலமாயின் சார்ந்த வினையும் அதற்கேற்ப இறந்தகால விழைவு வடிவம் கொள்ளவேண்டும் என்பது பழைய விதி.

அவ்வடிவை ஆக்கும் முறை இது. எழுத்துநடைக்கே உரிய இறந்தகால வடிவம் ஒன்று அம்மொழியில் உண்டு. அதன் முன்னிலை ஒருமையை எடுத்து, இறுதியில் ஒரு விகுதியைச் சேர்க்கவேண்டும். பேசு என்னும் வினை ‘பார்லா’ என்பதிலிருந்து ‘பார்லாஸ்’ ஆகும். நாம் என்றால் ‘பார்லாஸியோன்’, நீங்கள் என்றால் ‘பார்லாஸியே’. முடி என்னும் வினை ‘ஃபினிஸ்’ என்றும், இரு என்னும் வினை ‘ஃப்யூஸ்’ என்றும் வரும். படர்க்கை ஒருமைதான் மாணவனைத் திணறடிப்பது. அங்கு ஸகரம் வாராது; ‘பார்லா’ என்றே ஒலிக்கும். அவன் பேசினான் என்பதும் அதே ஒலிதான். காதுக்கு வேறுபாடு இல்லை. எழுத்தில் ஒலியாத் தகரம் ஒன்று ஈற்றில் நிற்க, உயிரெழுத்தின் தலைமேல் கூரை போன்ற சிறு குறி அமரும். அக்கூரை வீணே இடப்பட்டதன்று. இலத்தீனிலிருந்து வந்து, பழைய பிரெஞ்சில் ஒலித்து, பின்னர் மறைந்துபோன ஸகரத்தின் நினைவுச் சின்னம் அது. அதை மறந்தவன் ஒரு வினையின் கருத்தையே மாற்றி எழுதியவனாவான்.

இதில் வியப்பு யாதெனில், பிரெஞ்சு மக்களே இவ்வடிவத்தைப் பேச்சில் கைவிட்டுக்கொண்டிருந்தனர் என்பதுதான். ‘பார்லாஸியோன்’ போன்ற வடிவங்கள் அவர்கள் செவிக்கே நகைப்பூட்டின. செங்கோர் பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1901இல், கல்வியமைச்சகம் தன் தேர்வுகளில் சிலவிடங்களில் இதற்குப் பதிலாக நிகழ்கால வடிவை எழுதினாலும் பிழையாகக் கொள்ளற்க என ஆணை பிறப்பித்தது. உடையவன் தளர்த்திய விதியை, அவன் ஆட்சிக்குட்பட்டவன் தளர்த்தவியலுமா? பாரிஸ் நகரத்து இளைஞன் பிழை விட்டால் அது கவனக்குறைவு. ஜோவாலில் பிறந்தவன் அதே பிழையை விட்டால் அது அவன் இனத்தின் குறையாகக் கருதப்படும். செங்கோர் இதனை நன்கறிந்தவர் என்றே நாம் கருதுகிறோம். துர் நகரப் பள்ளியில் வெள்ளைச் சிறுவர்க்கு இலத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சும் கற்பிக்க அவர் நின்றபோது, கரும்பலகையில் இட்ட ஒவ்வொரு கூரைக்குறியும் அவருக்கு ஒரு சான்றிதழாக இருந்திருக்கவேண்டும்.

ஆயினும் அவர் தம் மொழியை மறந்தாரல்லர். மார்த்தினீக் தீவின் எமே செசேர், பிரெஞ்சு கயானாவின் லியோன் தமாஸ் ஆகிய நண்பர்களுடன், கருமையை இழிவாகக் கொள்ளாது பெருமையாகக் கொள்ளும் ‘நெக்ரித்யூட்’ இயக்கத்தைத் தோற்றுவித்தார். ஸெரெர் மொழியின் உயிரொலி இயைபு பற்றியும், வொலோஃப் மொழிப் பெயர்ச்சொற்களின் வகைப்பாடு பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். ஆப்பிரிக்க மொழி வினைகள் காலத்தினும் செயலின் நிலையையே முதன்மையாகக் காட்டுவன என்பது அவர் வற்புறுத்திய கருத்து. செயல் முடிந்ததா, முடியாததா என்பதே அங்குக் கேள்வி.

போர் வந்தது. ஆசிரியர் சாதாரணக் காலாட்படை வீரரானார். 1940 சூனில் ஜெர்மானியர் கையிற் சிக்கினார். கறுப்பின வீரர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட முற்பட்டபோது பிரெஞ்சு அதிகாரி ஒருவர் இடைபுகுந்து தடுத்தார் என அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். கைதி முகாமில் கவிதைகள் எழுதினார். ஜெர்மன் கற்றுக் கேத்தேயைப் படித்தார். நோயுற்றமையால் 1942இல் விடுவிக்கப்பட்டார்.

1945இல் செனகலின் உறுப்பினராகப் பிரான்சின் அரசியலமைப்பு அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு உருவான அரசியலமைப்பு வரைவின் மொழிநடையைச் செப்பனிடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆளப்பட்டோன் ஆள்வோரின் சட்டத்தில் இலக்கணப் பிழை திருத்தினான் என்பதை நாம் வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணாக்கர் நிமிர்ந்து அமர்வதைக் கண்டிருக்கிறோம்.

1960இல் செனகல் விடுதலை பெற்றது. செங்கோர் முதற் குடியரசுத் தலைவரானார். அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அவரோ கத்தோலிக்கர், சிறுபான்மை இனமாகிய ஸெரெர் இனத்தவர். எனினும் முரீதிய்யா தரீக்காவின் கலீஃபா ஃபாலிலு எம்பாக்கே உள்ளிட்ட பெரியோர்கள் அவர்பக்கம் நின்றனர். நகரத்துப் படித்த முஸ்லிம் தலைவர் லமின் கெயை விட்டு, நாட்டுப்புறக் கடலை உழவரின் குறையறிந்த கிறித்தவரை அவர்கள் ஏற்றனர். சமயம் வேறாயினும் நம்பிக்கைக்குரியவரைத் தெரிந்துகொண்ட அம்மக்களின் பெருந்தன்மையை நம் பெரியோர் அறிதல் நன்று.

அவர் ஆட்சியில் கறையே இல்லை என்று கூற நாம் ஒருப்படோம். நெடுநாள் தோழரும் பிரதமருமான மமது தியாவுடன் 1962இல் பூசல் மூண்டது. தியா பிடிக்கப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்று, 1974 வரை சிறையிலிருந்தார். தம் கவிதையில் மன்னிப்பைப் பாடிய ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நண்பரை அடைத்து வைத்தது நம்மை இன்றும் உறுத்துகிறது.

இலக்கண ஆசான் தம் பிரம்பையும் கீழே வைத்தாரில்லை. செனகல் மொழிகளை எழுதும் முறையை 1971இல் அரசாணையால் வரையறுத்தார். உஸ்மான் செம்பேன் எடுத்த ‘செத்தோ’ என்னும் திரைப்படம், அப்பெயரில் தகரம் இரட்டித்து எழுதப்பட்டிருக்கிறது என்ற காரணங்காட்டித் தடுக்கப்பட்டது. இயக்குநர் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. செங்கோர் பதவியிலிருந்த காலம்வரை படம் அந்நாட்டில் திரையிடப்படவில்லை. ஷேக் அந்தா தியோப் நடத்திய ‘சிக்கி’ என்ற இதழும் ககர இரட்டிப்பால் இடர்ப்பட்டுப் பெயரையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இஸ்லாத்தின் வருகையைக் கடுமையாகச் சித்திரித்த அப்படத்தைத் தடுக்க எழுத்துப்பிழை ஒரு சாக்கே என்பாரும் உளர். அவ்விதழ் எதிர்க்கட்சித் தலைவருடையது என்பதையும் மறத்தலாகாது. ஒற்று மிகுமா மிகாதா என்று நாமும் வகுப்பில் வாதிடுவதுண்டு. அதற்காக எவர் வாயையும் அடைத்ததில்லை. பிரெஞ்சின் கூரைக்குறிக்குத் தலைவணங்கிக் கற்றவர், தம் மண்ணின் மொழிகளுக்கு அதே கண்டிப்பைக் கொடுத்தார். பள்ளியில் ஆட்சியிடத்தையோ பிரெஞ்சுக்கே விட்டுவைத்தார். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணும்போது நம் மதிப்பு சற்றுத் தளர்கிறது.

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்புண்டு. 1974 மே திங்களில் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் நெக்ரித்யூடும் திராவிடப் பண்பாடும் பற்றி அவர் உரையாற்றினார். திராவிடரும் கறுப்பின ஆப்பிரிக்கரும் பண்டை உறவினர் என்பது அவர் நம்பிக்கை. அவர் ஊக்கத்தால் டக்காரில் இவ்வாய்வு தொடங்கியது, தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்குச் சென்று சில ஆண்டுகள் பணியாற்றினார். மொழிக்குடும்ப உறவு என்ற அக்கருத்தை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் தலைவர் தமிழைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்த வந்தார் என்பது சிறிய செய்தியன்று.

1980 திசம்பர் 31ஆம் நாள், எவரும் வற்புறுத்தாமலே, அவர் பதவி விலகினார். பொறுப்பு அப்து தியூஃபிடம் சென்றது. ஆப்பிரிக்கத் தலைவர்கள் இவ்வாறு தாமே இறங்குவது அக்காலத்தில் அரிதினும் அரிது. 1983இல் பிரெஞ்சு அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வவையில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. பிரெஞ்சு மொழிக்கு அகராதி இயற்றும் அவ்வவையில், எவரும் பேசாத வினைவடிவங்களையும் பிழையின்றி ஆள்பவர் என்ற புகழுடன் அமர்ந்தார்.

2001 திசம்பர் 20ஆம் நாள், நார்மண்டியின் வெர்சோன் என்னும் ஊரில் காலமானார். டக்காரில் நடந்த இறுதிச் சடங்கிற்குப் பிரான்சின் குடியரசுத் தலைவரும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. அந்நாட்டு எழுத்தாளர் சிலர் அதற்காக வெளிப்படையாக வெட்கப்பட்டு எழுதினர். பெல்-ஏர் கல்லறைத் தோட்டத்தில், 1981இல் சாலை விபத்தில் மாண்ட இளைய மகனின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.