விண்ணுடை அணிந்த முதல் வீரர்



மனித குலத்தில் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்று மீண்டவர் சோவியத்து நாட்டு யூரி ககாரின் ஆவார். அவரது வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

யூரி 9.3.1934இல் உருசியாவின் குளூசினோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலாளர். தாயார் பால்பண்ணையில் உழைத்தவர். யூரி பள்ளியில் சேர்ந்த 1941ஆம் ஆண்டிலேயே செருமானியப் படை அவ்வூரைக் கைப்பற்றியது. வீட்டை இழந்த குடும்பத்தினர் மண்ணைத் தோண்டி அமைத்த குடிலில் வாழ்ந்தனர். கல்வியும் தடைப்பட்டது. போர் முடிந்தபின் யூரி படிப்பைத் தொடர்ந்து, உலோக வார்ப்புத் தொழிலைக் கற்றார். சராத்தோவ் நகரில் தொழிற்கல்வி பயின்றபோது விமானம் ஓட்டவும் பழகினார். 1960இல் விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்வுபெற்ற 20 விமானிகளுள் ஒருவரானார்.

விண்வெளியில் சுவாசிக்கக் காற்றில்லை, காற்றழுத்தமும் இல்லை. கலத்திலிருந்து காற்று வெளியேறிவிட்டால் உள்ளிருப்பவர் சில நொடிகளில் நினைவிழப்பார். ஆதலின், அறிஞர்கள் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ள விண்ணுடை ஒன்றை உருவாக்கினர். அதன் உட்புறம் காற்றுக் கசியாத ரப்பர் உறை. மேற்புறம் தேடுவோர் கண்ணில் எளிதிற்படும் செம்மஞ்சள் துணி. உடலை வளைத்துக் காண இயலாத பகுதிகளைப் பார்ப்பதற்காகச் சட்டைக் கையில் சிறு கண்ணாடியும் இருந்தது.

12.4.1961 அன்று யூரி 'வாஸ்தோக் 1' கலத்தில் உலகை ஒருமுறை சுற்றினார். பயணம் 108 நிமிடங்கள் நீடித்தது. திரும்புகையில், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தைவிட்டு வெளியேறி வான்குடையில் இறங்கினார். அப்போது வெளிக்காற்றைச் சுவாசிக்க உடையின் அடைப்பைத் திறக்கவேண்டும். ஆனால் அதனை இழுக்கும் கயிறு மேலுறைக்குள் சிக்கிக்கொண்டது. வார்கள் உடலை இறுக்கியிருந்தமையால் 6 நிமிடங்கள் வரை அது கைக்கு எட்டவில்லை. உயிர்காக்க வந்த உடையே மூச்சடைக்கும் சிறையாகிவிடும் நிலை! யூரி கலங்கவில்லை. மேலுறையைத் தளர்த்தினார், கண்ணாடியில் பார்த்துக் கயிற்றைக் கண்டறிந்து இழுத்தார், அடைப்புத் திறந்தது. தாம் விமானம் ஓட்டப் பழகிய அதே சராத்தோவ் வட்டாரத்து வயலொன்றில் நலமே இறங்கினார்.

உலகமே போற்றிய அவ்வீரர் 27.3.1968இல், பயிற்சிப் பறப்பின்போது நேர்ந்த விமான விபத்தில் தமது 34ஆம் வயதில் மறைந்தார்.

மாணவர்களே! உழைப்பாளர் வீட்டுப் பிள்ளையாய்ப் பிறந்தவர் வானளவு உயர்ந்தார். சிறந்த கருவியும் சிலவேளை கைவிடக்கூடும்; அந்நேரத்தில் பயிற்சியும் பதறாத உள்ளமுமே துணைநிற்கும். அவ்விரண்டையும் இப்பள்ளிப் பருவத்திலேயே வளர்த்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.