கே.சி.எஸ். பணிக்கர்: பிறர் வழியே தன் வழி

சென்னை ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அறியாத கலை ஆர்வலர்கள் குறைவு. அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், வாழ்நாள் முழுதும் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டியவர். பிறருடைய ஓவியங்களைப் பார்த்துக் கற்ற ஒருவர் தமக்கென்று ஓர் ஓவிய மொழியைக் கண்டடைவது எப்படி என்பதுதான் அது.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். இளம் வயதிலேயே நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டலானார். ஆனால் குடும்பப் பொறுப்பு அவரைத் தந்தி இலாகா வேலைக்கு அனுப்பியது. சில ஆண்டுகளுக்குப் பின் அந்த வேலையை உதறிவிட்டு, 1936-ல் சென்னை கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் முதல்வராக இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. கண்ணெதிரே இருப்பதை உற்றுப் பார்த்து வரையும் பயிற்சி பணிக்கருக்கு அங்கே வாய்த்தது.

படிப்பை முடித்து அங்கேயே ஆசிரியரான பணிக்கர், 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அக்கால ஓவியங்களில் வான்கோ, கோகன் ஆகியோரின் சாயல் வெளிப்படையாகவே தெரியும். அஜந்தாவின் வளைகோடுகளும் கலந்திருக்கும். அவர் அதை மறைக்க முயன்றதில்லை. 1954-ல் லண்டனிலும் பாரீஸிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அந்தப் பயணம் ஓர் உறுத்தலையும் தந்தது. ஐரோப்பாவிடம் கற்றதை ஐரோப்பாவுக்கே திருப்பிக் காட்டுவதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் அவரை விடவில்லை.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாணவர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் எண்களும் கணித வடிவங்களும் நிறைந்திருந்த பக்கம் அவர் கண்ணில் பட்டது. படிக்க வேண்டிய பக்கத்தை அவர் படமாகப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததே, 1963 வாக்கில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் என்ற ஓவிய வரிசை. ஜாதகக் கட்டங்கள், தாந்திரிகச் சக்கரங்கள், மலையாள எழுத்தை ஒத்த கிறுக்கல்கள் எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது. பார்க்க மட்டுமே முடியும். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

1957 முதல் 1967 வரை பள்ளியின் முதல்வராக இருந்தவர், தம் பாணியை மாணவர்மேல் சுமத்தவில்லை. அக்காலத்தில் அங்கே பயின்ற ஆதிமூலத்தின் கோட்டோவியமும் கே. ராமானுஜத்தின் கனவுலகமும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. பணிக்கரையும் ஒத்தவை அல்ல. ஓர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை.

பட்டம் பெற்றாலும் ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத நிலை அன்று. ஆகவே பத்திக் முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியர்கள் தம் கலையைத் தொடர வழி செய்தார். 1966-ல் சோழமண்டலம் உருவானது அப்படித்தான்.

1977 ஜனவரியில் பணிக்கர் சென்னையில் காலமானார். இன்றைய ஓவிய மாணவருக்கு உலக ஓவியங்கள் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. யாரைப் பார்த்துக் கற்பது என்பது இப்போது சிரமமில்லை. கற்றதைத் தாண்டி வரத்தான் பொறுமை வேண்டும். பணிக்கருக்கு அது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தது.