பத்து வெள்ளிப் பாடம்

மலேசிய இந்தியர்களின் வரலாற்றில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களுக்குத் தனி இடம் உண்டு. நாட்டின் விடுதலைக்கு உழைத்த தலைவர், அமைச்சர், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர் என்று பலவாறாக அவர் நினைவுகூரப்படுகிறார். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு பணியையும் அவர் செய்தார். படிப்பறிவு குறைந்த தோட்டப் பாட்டாளிகளுக்குச் சேமிப்பு, பங்கு, உரிமை ஆகியவற்றின் பொருளை அவர்கள் வாழ்ந்து உழைத்த இடத்திற்கே சென்று விளங்க வைத்தார். அந்தப் பாடத்தின் முதற்பயன் கெடா மாநிலத்தில் விளைந்தது.

சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பிறந்தார். திருஞானசம்பந்தன் என்பது அவருடைய முழுப்பெயர். தந்தையார் வீராசாமி 1896ஆம் ஆண்டில் தமிழகத்திலிருந்து மலாயாவிற்கு வந்தவர். கடுமையாக உழைத்து ரப்பர் நிலங்களுக்கு உரிமையாளராக உயர்ந்தவர். சம்பந்தன் கோல கங்சாரில் உள்ள கிளிப்பர்டு பள்ளியில் பயின்றார். பின்னர்ச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இளங்கலைப் பட்டம் பெற்றார். தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தாலும், பால்மரக் காட்டில் உழைப்போரின் வாழ்க்கையை அவர் சிறு வயதிலிருந்தே அருகிலிருந்து கண்டு வளர்ந்தார்.

1955ஆம் ஆண்டில் அவர் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில் நடைபெற்ற முதல் கூட்டரசுப் பொதுத்தேர்தலில் வெற்றி பெற்று, துங்கு அப்துல் ரஹ்மான் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். விடுதலைக்குப் பின்னர்ச் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தந்தி ஆகிய துறைகளையும் அவர் கவனித்தார். அவர் எந்தப் பதவியில் இருந்தபோதும் தோட்ட மக்களின் நிலை அவர் மனத்தை விட்டு நீங்கியதில்லை. அக்காலத்தில் மலாயாவில் வாழ்ந்த இந்தியர்களுள் பெரும்பகுதியினர் தோட்டங்களையே நம்பியிருந்தனர்.

பண்டைத் தமிழர் கடாரம் என்று அழைத்த கெடாவிலும் இதே நிலைதான். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், கோலக்கெட்டில் முதலிய பட்டணங்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. விடியும் முன்பே பெரட்டு மணி ஒலிக்கும். பாட்டாளிகள் தத்தம் நிரைகளுக்குச் சென்று, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடிப்பர். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். பின்னர் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, ஸ்டோருக்குச் சுமந்து சென்று நிறுத்துக் கொடுப்பர். லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, மருந்தகம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகிய யாவும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. பிறப்பு முதல் இறப்பு வரை அவர்களுடைய வாழ்க்கை ஒரே எல்லைக்குள் நடந்து முடிந்தது.

இந்த வாழ்க்கையை ஒரு புதிய ஆபத்து அசைத்தது. 1950ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டு உரிமையாளர் பலர், விடுதலை பெறும் நாட்டில் தங்கள் முதலீடு என்னவாகுமோ என்று அஞ்சித் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். அவற்றை வாங்கியவர்களுள் சிலர் பெருந்தோட்டங்களைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று இலாபம் கண்டனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. 1951 முதல் 1960 வரை நடைபெற்ற இத்துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதும் அளவிற்கு, அது நாட்டின் பெருஞ்சிக்கலாக வளர்ந்தது.

துண்டாடலால் பாட்டாளிக்கு நேர்ந்த இழப்பு வேலையோடு முடியவில்லை. சில ஏக்கர் நிலத்தை வாங்கியவருக்கு நூற்றுக்கணக்கான தொழிலாளர் தேவைப்படவில்லை. குத்தகைக்காரர் வழியாகச் சிலரை அமர்த்திக்கொண்டாலே போதுமானதாக இருந்தது. வேலை போனவுடன் லயத்து வீடும் போயிற்று. பிள்ளைகள் குறைந்ததும் பள்ளியின் நிலை தளர்ந்தது. மூன்று தலைமுறையாகக் கும்பிட்டு வந்த கோயில் வேறொருவர் நிலத்தில் நின்றது. போதாக்குறைக்கு, அவர்களுள் பலர் குடியுரிமைத் தாள்கள்கூட இல்லாதவர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறினால் எங்கே செல்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை.

தோட்டம் விற்பனைக்கு வருவதைத் தடுக்க இயலாது. அப்படியாயின், அதை வாங்குபவர் யார்? அங்கு உழைப்பவர்களே ஏன் வாங்கக்கூடாது? இந்தச் சிந்தனையிலிருந்துதான் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதனைத் தோற்றுவித்து வழிநடத்தியவர் சம்பந்தன். பலர் சிறு தொகையைச் சேர்த்துப் பெருமுதலை உருவாக்கி, அம்முதலைக் கொண்டு தோட்டங்களை வாங்கி, துண்டாடாமல் நடத்தி, இலாபத்தைப் பகிர்ந்துகொள்வது அதன் நோக்கம்.

கூட்டுறவு என்பது உலகிற்குப் புதியதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் 28 பேர் கூடித் தொடங்கிய சிறு கடையே பிற்காலக் கூட்டுறவு இயக்கங்களுக்கு முன்மாதிரியாயிற்று. மலாயாவில் 1922ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. தோட்டங்களிலும் சிக்கன சேமிப்புச் சங்கங்கள் இயங்கின. ஆயினும், பாட்டாளிகள் ஒன்றுகூடி ஒரு முழுத் தோட்டத்தையே விலைக்கு வாங்குவது என்பது அவர்கள் கனவிலும் காணாத ஒன்று.

சங்கத்தின் ஒரு பங்கு 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்று வழி செய்யப்பட்டது. இன்று 10 வெள்ளி சிறு தொகையாகத் தோன்றலாம். அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. அரிசிக்கும் பருப்புக்கும் கடைக்கடனுக்கும் போக, கையில் மிஞ்சுவதே அரிது. மேலும், கூலிப்பிடித்தம், கடன், வட்டி என்று பல வகையிலும் ஏமாந்து பழகியவர்கள் அவர்கள். கொடுத்த பணம் திரும்பி வருமா, கூலிக்காரன் முதலாளி ஆவது நடக்கக்கூடிய செயலா என்ற ஐயம் எழுந்தது இயல்பே.

இந்த ஐயத்தைப் போக்குவதே சம்பந்தனின் முன் நின்ற பெரும்பணி. சட்டவிதிகளை அச்சிட்டு அனுப்பியிருந்தால் பயன் இருந்திராது. அவற்றைப் படிக்க இயலாதவர்களே மிகுதி. பட்டணத்து மண்டபத்தில் கூட்டம் கூட்டியிருந்தாலும் பயன் குறைவே. நாட்கூலியை இழந்து அங்கு வருவோர் எத்தனை பேர்? ஆகவே, அவர் தோட்டந்தோட்டமாகச் சென்றார். அமைச்சர் என்ற நிலையை ஒரு புறம் வைத்துவிட்டு, அம்மக்கள் நடுவில் நின்று, அவர்கள் பேசும் தமிழிலேயே பேசினார். தோட்டம் துண்டாடப்பட்டால் என்ன நேரும், சேர்ந்து வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதை எடுத்துரைத்தார்.

அவர் எடுத்துரைத்த கருத்து பாட்டாளிகளின் அன்றாட வேலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஒரு மரத்திலிருந்து வடியும் பால் ஒரு மங்கைத்தான் நிரப்பும். நூற்றுக்கணக்கான மங்குகளின் பால் சேர்ந்தால் வாளிகள் நிரம்பும். எல்லாருடைய வாளிகளும் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தால், தோட்டத்தின் ஒரு நாள் உற்பத்தி ஆகிவிடும். பங்குத் தொகையும் அப்படித்தான். ஒருவரின் 100 வெள்ளியால் ஒரு துண்டு நிலமும் வாங்க முடியாது. 100 பேர் சேர்ந்தால் 10,000 வெள்ளி. 10,000 பேர் சேர்ந்தால் பத்து லட்சம் வெள்ளி. இந்தக் கணக்கு விளங்குவதற்குப் பள்ளிப்படிப்பு தேவையில்லை. தினமும் பால் நிறுத்துப் பழகியவர்களுக்குக் கூட்டல் கணக்கு கைவந்த கலை.

பாடம் விளங்கத் தொடங்கியது. முதலில் சிலர் சேர்ந்தனர். அவர்களைப் பார்த்து உறவினரும் அண்டை வீட்டாரும் சேர்ந்தனர். இவ்வாறு திரண்ட நிதியைக் கொண்டு 1961ஆம் ஆண்டில் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அதுதான் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம். ஏறத்தாழ 2,900 ஏக்கர் பரப்புடைய அத்தோட்டம் துண்டாடப்படாமல் ஒரே தோட்டமாக நிலைத்தது. சொற்பொழிவுகள் பல செய்தும் நம்பாதவர்களை இந்த ஒரு தோட்டம் நம்ப வைத்தது. கண்ணால் காணக்கூடிய மரங்களும், நடமாடக்கூடிய நிலமும் அவர்களுக்குச் சான்றாயின.

தோட்டத்தை வாங்கியதோடு கற்றல் முடிந்துவிடவில்லை. பங்குதாரரான பின்பும் பாட்டாளி விடியலில் எழத்தான் வேண்டும். மரம் வெட்டத்தான் வேண்டும். ஆனால், அவ்வேலையின் பொருள் மாறியது. பால்வெட்டில் கத்தி சிறிது ஆழமாக இறங்கினால் பட்டையின் உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும். மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பின்னர் அந்த இடத்தில் வெட்டுவது கடினம். முன்பு மண்டோரின் ஏச்சுக்கு அஞ்சிக் கவனமாக வெட்டியவர், இனி மரம் தமக்கும் உரியது என்பதால் கவனமாக வெட்டுவதற்குக் காரணம் கிடைத்தது. தொழில்நுணுக்கத்தைக் கற்றுக்கொள்வதில் தமக்கும் நன்மை உண்டென்று தெரியும்போது, கற்பவரின் மனம் தானாகவே திறக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் வேறு பாடங்களும் இருந்தன. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு என்பது கூட்டுறவின் அடிப்படை நெறி. இலாப ஈவு எவ்வாறு வருகிறது, ரப்பர் விலை இறங்கினால் அது ஏன் குறைகிறது, கணக்கறிக்கை எதைச் சொல்கிறது என்பவற்றை உறுப்பினர்கள் அறிய வேண்டியிருந்தது. கிராணி எழுதியதே கணக்கு, துரை சொன்னதே முடிவு என்றிருந்த இடத்தில், கேள்வி கேட்கும் உரிமை பாட்டாளிக்கும் உண்டு என்ற எண்ணம் முளைத்தது. பங்குச் சான்றிதழில் தம் பெயரைக் கண்டபோது அவர்கள் அடைந்த பெருமிதம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஊக்கமாகவும் மாறக்கூடியது.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மையே. விற்பனைக்கு வந்த நிலத்தின் அளவோடு ஒப்பிடுகையில் பாட்டாளிகளின் சேமிப்பு சிறியது. பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டுப் பட்டணங்களுக்குச் செல்லும் நிலை ஏற்பட்டது. இருப்பினும் சங்கம் தளரவில்லை. புக்கிட் சிடிமைத் தொடர்ந்து வேறு தோட்டங்களையும் வாங்கியது. பாட்டாளிகளின் பணத்தில் எழுந்த அந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது. கோலாலம்பூரில் உள்ள அதன் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

சம்பந்தன் 1973ஆம் ஆண்டில் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். தேசிய ஒற்றுமை அமைச்சராகவும் அவர் பணியாற்றினார். 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் சாலை என வழங்கப்படுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே செல்கின்றனர்.

வேலை செய்யும் இடத்தில் பெரியவர்களுக்குக் கற்பிப்பது எளிதன்று. அவர்கள் களைத்திருப்பார்கள், குடும்பக் கவலை அவர்களைச் சூழ்ந்திருக்கும், புதியதை ஐயத்துடன் நோக்குவார்கள். சம்பந்தன் அவர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் இருக்கும் இடத்திற்குச் சென்றார். அவர்களின் மொழியில் பேசினார். அவர்களால் இயன்ற தொகையிலிருந்து தொடங்கினார். பயனைக் கண்முன் காட்டினார். மாதம் 10 வெள்ளியைச் சேர்த்த கைகள் ஒரு தோட்டத்திற்கே உரிமை பெற்றன. கற்றல் வாழ்க்கையோடு இணையும்போது எளியவரும் உயர்வர் என்பதற்குக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சான்றாக விளங்குகிறது.