கைகளால் கற்ற ஜி.டி. நாயுடு

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டிகள் பல, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கோயம்புத்தூரை அடைகின்றன. நூற்பாலைகளுக்கும் மோட்டார் பம்புகளுக்கும் பெயர் பெற்ற அந்நகரின் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றவர் ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர்.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று அவர் பிறந்தார். வகுப்பறை அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிப்படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோயிற்று. எனினும் அறியும் வேட்கை நிற்கவில்லை.

ஒருமுறை ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. வாங்குவதற்குக் கையில் பொருள் இல்லை. கோவைக்குச் சென்று உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அவ்வண்டியை வாங்கினார். ஓட்டி மகிழ்வதோடு அவர் அமையவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பெட்ரோல் எரிவதால் பிஸ்டன் மேலும் கீழும் அசைவதையும், அவ்வசைவு சக்கரத்தின் சுழற்சியாக மாறுவதையும் நூலின் துணையின்றிக் கற்றறிந்தார்.

பின்னர்ப் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்ச் சந்தையில் அதனை இழந்தார். தளராமல் ஊர் திரும்பிய அவருக்குக் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவினார். 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே இயக்கத் தொடங்கினார். திருவனந்தபுரத்தில் அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியது 1938ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணினால், அம்முயற்சியின் துணிவு விளங்கும். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவரது நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான பேருந்துகளை உடையதாக வளர்ந்தது.

1937ஆம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாரைக் கோவையில் வெளிக்கொணர்ந்தார். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் நின்று திரும்ப வேண்டும்; மின்மோட்டாரின் அச்சோ தொடக்கம் முதலே சுழல்கிறது. பெட்ரோல் எஞ்சினையும் இவ்வாறு சுழலச் செய்ய இயலுமா என்னும் வினா, ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவரை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்தது. அவரும் பல்கலைக்கழகத்தில் பயிலாதவர். அவர் வகுத்த சுழல் எஞ்சின் 1957ஆம் ஆண்டு முதன்முதலாக ஓடியது. 1967ஆம் ஆண்டு ஜப்பானின் மாஸ்டா கார் ஒன்றும் அவ்வகை எஞ்சினுடன் விற்பனைக்கு வந்தது. பட்டறையையே பள்ளியாகக் கொண்டோர் எந்நாட்டிலும் உண்டு.

நாயுடு மின்சவரக் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவுக் கருவி எனப் பலவற்றை உருவாக்கினார். 1952ஆம் ஆண்டு இருவர் அமரத்தக்க பெட்ரோல் கார் ஒன்றையும் உருவாக்கினார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். எளியோரும் கார் வாங்கலாம் என்னும் நிலை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆனால் அரசின் உரிமம் கிடைக்காமையால் அக்கார் தொழிற்சாலையை விட்டுப் பெருந்தொகையாக வெளிவரவே இல்லை. உருவாக்கும் ஆற்றல் இருந்தும் உரிமம் இல்லாமல் ஒரு நல்ல பொருள் மக்களைச் சேராமல் போயிற்று.

பள்ளியை விரும்பாத அவர், பிறர் கற்பதற்குத் தம் செல்வத்தை வழங்கினார். அவரது கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்பயிலகமும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. 1945ஆம் ஆண்டு அக்கல்லூரியின் முதல்வராகவும் அவர் பணியாற்றினார். பொறியியலைக் கற்க நான்கு ஆண்டுகள் தேவையில்லை, செய்முறைப் பயிற்சி மிகுந்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்காததால் பதவியைத் துறந்தார். ஆயினும் கல்லூரி நிலைத்தது. இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் விளங்குகிறது.

1974 சனவரி 4 அன்று ஜி.டி. நாயுடு மறைந்தார். அவர் திரட்டிய கருவிகளைக் கோவை அவினாசி சாலையிலுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். வெளியூர்களில் வாழும் தமிழர் இல்லங்களில் இட்லிக்கு மாவரைக்கும் கோவை கிரைண்டரின் அடியிலும் ஒரு மோட்டார் சுழல்கிறது. அம்மோட்டாரை நம் நாட்டிலேயே செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர்களுள் ஒருவர், தொடக்கப் பள்ளியையும் முடிக்காத அந்தக் கலங்கல் இளைஞர்.

சொற்பொருள்
வேட்கை – பெருவிருப்பம்
தொழிற்பயிலகம் – தொழிற்கல்வி கற்பிக்கும் இடம்
உரிமம் – அரசு தரும் ஒப்புதல்

விடை தருக
1. நாயுடு மோட்டார் சைக்கிளை வாங்கியபின் செய்தது என்ன? அதனால் அவர் கற்றவை யாவை?
2. பெட்ரோல் எஞ்சினுக்கும் மின்மோட்டாருக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. பொறியியல் கல்வி பற்றிய நாயுடுவின் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.