மைக்கறைக்குள் மனசைத் தேடிய டாக்டர்... 37 வயதில் மறைந்த ஹெர்மன் ரோர்ஷாக் யார்?

போனை ஸ்க்ரோல் பண்ணும்போது இப்படி ஒரு பதிவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு படத்தைக் காட்டி, முதல்ல தெரிஞ்சது வௌவாலா, மனுஷ முகமா என்று கேட்பார்கள். பதில் சொன்ன அடுத்த நொடியே, உங்க குணம் இதுதான் என்று முடிவு சொல்லிவிடுவார்கள்.

இந்த மாதிரி பதிவுகள் பலவற்றிலும் ஒரு சுவிட்சர்லாந்து டாக்டரின் சாயல் இருக்கிறது. பெயர் ஹெர்மன் ரோர்ஷாக். 2022-ல் மம்முட்டி நடித்த மலையாளப் படத்தின் தலைப்பு இவர் பெயர்தான். ஆனால், ரோர்ஷாக் செய்ய நினைத்தது ஒரு படத்தைக் காட்டி ஜோசியம் சொல்லும் வேலை இல்லை.

பட்டப்பெயரே மைக்கறை!

1884 நவம்பர் 8-ம் தேதி ஜூரிச்சில் பிறந்த ரோர்ஷாக், ஷாஃப்ஹவுசன் நகரில் வளர்ந்தார். அப்பா ஓவிய ஆசிரியர். 12 வயதில் அம்மாவையும், 18 வயதில் அப்பாவையும் இழந்தார்.

காகிதத்தில் மையை ஊற்றி, இரண்டாக மடித்து, பிரித்துப் பார்த்து உருவம் தேடும் விளையாட்டு அப்போது ஐரோப்பாவில் பிரபலம். நம்மில் பலரும் சின்ன வயசில் இதைச் செய்திருப்போம். ரோர்ஷாக்குக்குப் பள்ளி நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் க்ளெக்ஸ். ஜெர்மன் மொழியில் மைக்கறையைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர் அது.

ஓவியத்தில் ஆர்வம் இருந்தாலும் மருத்துவம் படித்தார். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை உருவாக்கிய யூஜென் ப்ளூலர்தான் ஜூரிச்சில் அவருக்கு ஆசிரியர்.

அப்போது என்ன சிக்கல்?

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிவிடும். மனநோய்க்கு அப்படி ஒரு கருவி கிடையாது. நோயாளியிடம் பேச வேண்டும், நாள்கணக்கில் கவனிக்க வேண்டும். ஒரு டாக்டர் சொல்வதை இன்னொரு டாக்டர் மறுக்கலாம். ஒருவருக்கு என்ன நோய் என்ற முடிவு, அவர் வீட்டுக்குப் போவாரா, மனநலக் காப்பகத்திலேயே இருப்பாரா என்பதையும் தீர்மானிக்கும்.

1915 முதல் ஹெரிசாவ் நகர மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த ரோர்ஷாக், 1918 வாக்கில் மைக்கறைப் படங்களை வைத்து ஆய்வில் இறங்கினார். படங்கள் தற்செயலாகச் சிந்தியவை போலத் தெரிந்தாலும், அவர் கவனமாகத் திருத்தி வரைந்தவை. இது என்னவாக இருக்கலாம் என்பது மட்டும்தான் கேள்வி.

என்ன தெரிந்தது என்பதைவிட, எப்படித் தெரிந்தது என்பதைத்தான் அவர் அதிகம் கவனித்தார். முழுப் படத்தையும் பார்த்தார்களா, ஒரு மூலையை மட்டுமா? வடிவத்தை வைத்துச் சொன்னார்களா, நிறத்தை வைத்தா? உருவம் அசைவது போலத் தோன்றியதா? நோயாளிகள், நோய் இல்லாதவர்கள் என 405 பேரின் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தார்.

10 மாதத்தில் முடிந்த கதை

1921-ல் அவருடைய சைக்கோடயக்னாஸ்டிக் புத்தகம் வெளியானது. அச்சுச் செலவு அதிகம் என்பதால் பதிப்பாளர் 10 படங்களுக்குத்தான் சம்மதித்தார். அந்த 10 அட்டைகள்தான் இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால், அப்போது புத்தகம் சரியாக விற்கவில்லை. மருத்துவ உலகமும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இது முடிந்துபோன ஆய்வு இல்லை, இன்னும் சோதிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று ரோர்ஷாக்கே அந்தப் புத்தகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வயிற்று வலியால் அவதிப்பட்டவர், 1922 ஏப்ரல் 2-ம் தேதி இறந்துபோனார். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் தொற்று பரவியதே காரணம் என்று கருதப்படுகிறது. வயது 37. மனைவி ஓல்காவும் இரண்டு சின்னக் குழந்தைகளும் தனித்து நின்றார்கள்.

இறந்த பிறகு வந்த புகழ்

அட்டைகள் அமெரிக்கா போனதும் நிலைமை தலைகீழானது. ஆளுக்கொரு முறையில் மதிப்பெண் போட்டார்கள். மருத்துவமனை தாண்டி, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற நீதிமன்ற வழக்குகள் வரை இந்தச் சோதனை போனது. நியூரம்பெர்க் விசாரணைக்காகச் சிறையில் இருந்த நாஜி தலைவர்களிடமும் நடத்தப்பட்டது. அந்த முடிவுகளுக்கு என்ன அர்த்தம் என்பதில் நிபுணர்கள் பல வருடங்கள் சண்டை போட்டார்கள்.

1974-ல் ஜான் எக்ஸ்னர் என்ற உளவியலாளர் ஒரே மாதிரியான மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். அப்போதும் விமர்சனம் ஓயவில்லை. நலமாக இருப்பவர்களையும் நோயாளிகளாகக் காட்டுகிறது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான அலசல் ஒன்று, சிந்தனைக் குழப்பம் போன்ற சிலவற்றைக் கண்டறிய இது உதவுகிறது, வேறு சில அளவீடுகளுக்கு போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது.

அப்படின்னா இன்றைக்கு எப்படிக் கண்டறிகிறார்கள்?

அறிகுறிகள் என்னென்ன, எத்தனை நாளாக இருக்கின்றன, தூக்கம், வேலை, குடும்பம் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர் விரிவாகப் பேசுவார். வேறு உடல்நோய் காரணமா என்றும் பார்ப்பார். உளவியல் சோதனைகள் அதற்குத் துணை. ஒரே ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு எடுப்பதில்லை.

405 பேரைச் சோதித்த டாக்டரே அவசரப்பட்டு முடிவு சொல்லத் தயங்கினார். அடுத்த முறை ஒரே ஒரு படத்தைக் காட்டி, உங்க மனசு இதுதான் என்று போன் சொன்னால், சிரிச்சுட்டு கடந்து போயிடுங்க. மனசு நிஜமாவே கஷ்டமா இருந்தா, பேச வேண்டியது ஒரு டாக்டர்கிட்ட.