டெல்லோ பண்ணையின் கணக்கேடு

நகரின் மையத்திலிருந்து விலக விலக மனையின் விலை குறைவது ஏன்? வீட்டுமனைச் சந்தை ஆய்வின் அடிப்படையான இக்கேள்விக்குரிய விடைக்கு வித்திட்டவர், ஜெர்மானியப் பண்ணையாளர் யோஹான் ஹைன்ரிஹ் ஃபான் தூனன் (1783–1850).

1810இல் மெக்லென்பர்க் பகுதியில் டெல்லோ என்னும் பண்ணையை வாங்கிய அவர், கூலி, வண்டிச் செலவு, விளைச்சல் என அனைத்தையும் கணக்கேட்டில் பதிந்துவந்தார். அதன் துணையோடு எழுதிய ‘தனித்த நாடு’ நூலின் முதல் பகுதி 1826இல் வெளிவந்தது. சீரான சமவெளியின் நடுவே ஒரே நகரம் இருப்பதாக அவர் கற்பனை செய்தார். சந்தைக்கு அருகிலுள்ள நிலத்துக்கு வண்டிச் செலவு குறைவு. அந்த மிச்சமே, பொருளியல் பாடநூல்கள் ‘வாரம்’ என்று குறிப்பிடும் நில வாடகையாகிறது என விளக்கினார்.

ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின், 1964இல், அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் அலோன்சோ இக்கருத்தை நகருக்குள் கொண்டுவந்தார். தானிய வண்டியின் இடத்தில், பணிக்குச் செல்வோரின் அன்றாடப் பயணம் அமர்ந்தது. பின்வந்தோர் அறைகளின் எண்ணிக்கை முதல் பள்ளியின் தரம் வரை ஒவ்வொன்றும் வீட்டின் விலையில் எவ்வளவு சேர்க்கிறது என்று கணித்தனர்.

தூனனோ நிலத்தின் விலையோடு நின்றுவிடவில்லை. அந்நிலத்தில் உழைப்போருக்கு நியாயமான கூலி எது என்பதே அவரது பிற்காலத் தேடல். தம் பண்ணைத் தொழிலாளர்களுக்கு இலாபத்தில் பங்கும் அளித்தார். நியாயக் கூலிக்கு அவர் வகுத்த சூத்திரம் அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

அச்சூத்திரத்தைப் பொருளியலாளர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் அதன் பின்னிருந்த கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. மனை விலையை நுணுக்கமாகக் கணிக்கக் கற்ற நாம், நகரைக் கட்டும் தொழிலாளி அந்நகரில் குடியிருக்க இயலுமா என்பதையும் அதே நுணுக்கத்தோடு ஆராய வேண்டும்.